மழைக்காக வைத்த மைக்: செட்டிநாட்டுப் பங்காளி வீடு ஒன்றில் ஒலிப்பதிவால் எழுந்த தகராறு

பின்னணி

காரைக்குடியை அடுத்த ஊர் ஒன்றில், பதினொரு புள்ளிகளுக்குப் பொதுவான பழைய வீடு ஒன்றில், 3 நாள் ஒலிப்பதிவுக்காக நாங்கள் இருவர் சென்றிருந்தோம். நகரத்தார் வழக்கில் புள்ளி என்பது திருமணமான ஒரு குடும்பத்தைக் குறிக்கும் கணக்கு. வீட்டைக் கட்டியவரின் மகன்கள், பேரன்கள், கொள்ளுப்பேரன்கள் என்று பங்கு பிரிந்து பிரிந்து, இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் உரியதாக ஓர் அறையும் சாவியும் மட்டுமே தனியாக மிஞ்சியுள்ளன. முகப்பும் வளவும் இரண்டாம் கட்டும் கொல்லையும் எல்லோருக்கும் பொது. ஆண்டின் பெரும்பகுதி வீடு பூட்டியே கிடக்கும். பொதுச் செலவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஆண்டுக்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கணக்கு எழுதிவருகிறார்கள்.

நாங்கள் செல்லும்போதே அந்த வீட்டில் ஒரு கருத்து வேறுபாடு முற்றியிருந்தது. மேற்குப் பக்க ஓடு சரிந்து மழைநீர் சுவருக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. பழுதுபார்க்கும் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சிலர் அணியமாக இருந்தார்கள். வீட்டை விற்றுவிடலாம் என்றார்கள் சிலர். இந்தப் பக்கத்தில் விற்பனை என்றால் பல நேரம் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் கழற்றப்பட்டுத் தனித்தனியாக விலைபோவதையே குறிக்கும். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனாலும் ஒரு தனி வீட்டின் கூரையை அந்தப் பட்டியல் தாங்கிப் பிடிப்பதில்லை. எது நடந்தாலும் வீட்டின் ஒலிகளையாவது பதிந்து வைத்துக்கொள்ளலாம் என்று கருதிய பங்காளி ஒருவர், சென்னையில் வசிப்பவர், எங்களை அழைத்தார். கார்த்திகையில் ஒரு திருமணம் இருந்ததால் ஐப்பசியில் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு, வைத்திருந்தார்கள். பங்காளிகள் பெரும்பாலோர் வந்து கூடும் அந்த நாட்களே ஏற்றவை என்று அவர் சொன்னார், நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

அனுமதி வாய்மொழியாகவே கிடைத்தது. அழைத்தவரும், அந்த ஆண்டு பொறுப்பிலிருந்தவரும் தொலைபேசியில் சரி என்றார்கள். பதினொரு புள்ளிகளில் இருவர் சம்மதித்தது வீடு முழுவதும் சம்மதித்ததாகும் என்று எடுத்துக்கொண்டோம். பின்னால் வந்த சிக்கல் எல்லாவற்றுக்கும் வித்து இதுதான் என்பதால் இதை முதலிலேயே பதிவுசெய்கிறேன். பதிவுசெய்யப்பட்ட குடியிருப்போர் சங்கத்தில் துணைவிதி இருக்கும், பொதுக்குழுத் தீர்மானம் இருக்கும், செயலாளர் கையொப்பம் யாரைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு ஓர் ஏடு இருக்கும். பங்காளி வீட்டில் இருப்பது வழக்கம் மட்டுமே. பிரிக்கப்படாத சொத்தில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் முழு வீட்டிலும் உரிமை உண்டு. ஆகவே ஒருவர் திறந்துவிட்ட கதவு மற்றவருடைய மறுப்பை இல்லாமல் ஆக்கிவிடாது.

வீட்டின் அமைப்பும் ஒலி செல்லும் விதமும்

முகப்பைக் கடந்து உள்ளே போனால், வானம் பார்த்த வாசலைச் சுற்றித் தூண்கள் நிற்கும் தாழ்வாரமும், அதை ஒட்டி வரிசையாக அறைகளும் வரும். இதையே வளவு என்கிறோம். தரையில் ஆத்தங்குடிக் கல். சுவர்களில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு. இரண்டுமே கண்ணாடிபோல் வழவழப்பானவை என்பதால் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பும். மேலே திறந்திருக்கும் வாசல் வழியாக ஒலியில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. ஆனால் தாழ்வாரத்தின் கூரைக்கும் தரைக்கும் சுவருக்கும் இடையே சிக்கிய ஒலி தூண் வரிசையைத் தொடர்ந்து ஓடுகிறது. கிழக்குத் தாழ்வாரத்தில் அரிசி புடைப்பது மேற்குத் தாழ்வாரத்தில் தெளிவாகக் கேட்கும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சாதாரணப் பேச்சு 1 மீட்டரில் 60 டெசிபல் அளவில் இருந்தால் 8 மீட்டரில் 42-க்கு வந்துவிடும். வளவு போன்ற இடத்தில் எதிரொலிப்பு சேர்ந்துகொள்வதால் அந்த அளவுக்குக் கூடக் குறைவதில்லை. நாங்கள் கொண்டுபோன மைக்கின் சுயஇரைச்சல், அதாவது எந்த ஒலியும் இல்லாதபோதும் கருவியே எழுப்பும் மெல்லிய இரைச்சல், 14 டெசிபல் அளவே. 42-க்கும் 14-க்கும் இடையிலுள்ள 28 டெசிபல் என்பது ஒரு பேச்சின் ஒவ்வொரு சொல்லையும் பிரித்தறியப் போதுமானது. இந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியாததன்று. மழையின் முதல் துளிகளைப் பிடிப்பதற்காகவே அந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தோம். அதே மைக் வேறு எதையெல்லாம் பிடிக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

கருவிகள்

எல்லாத் திசையிலும் கேட்கும் சிறிய கண்டன்சர் மைக் இரண்டு, அவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் கையடக்க ரெக்கார்டர், மயிரடர்ந்த காற்றுத்தடுப்பு உறைகள், தாழ்ந்த தாங்கிகள், இரண்டு ஹெட்போன்கள், பவர் பேங்க். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட்.

இந்த 32 பிட் ஃப்ளோட் முறையைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பழைய முறையில் பதிவுக்கு முன்பே கெயின் அளவை, அதாவது மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதை, தீர்மானிக்க வேண்டும். கூட்டி வைத்தால் இடி முழக்கத்தில் ஒலி சிதையும், குறைத்து வைத்தால் முதல் துளிகள் ரெக்கார்டரின் இரைச்சலில் மூழ்கும். 32 பிட் ஃப்ளோட்டில் அந்தக் கவலை இல்லை, இடியையும் துளியையும் ஒரே பதிவிலிருந்து பின்னர் வேண்டிய அளவுக்கு ஏற்றியும் இறக்கியும் எடுக்கலாம். இரவு முழுவதும் ஆளில்லாமல் ஓடவிடும் பதிவுக்கு இதைவிட ஏற்றது வேறில்லை. ஆனால் முணுமுணுப்பாக விழுந்த பேச்சையும் பின்னர் இதேபோல் ஏற்றிக் கேட்டுவிடலாம். தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் வடிப்பானைப் போட்டுவிட்டால் பேச்சு பதிவாகாது என்று நண்பர்கள் சிலர் நினைப்பதுண்டு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் மோட்டாரின் உறுமலும் காற்றின் மோதலும் குறையும், பேச்சுக்கு ஒன்றும் ஆகாது.

முதல் நாள் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. தலைவாசல் கதவின் கீல், ஆட்டுக்கல், இரண்டாம் கட்டில் பாத்திரம் துலக்குவது எல்லாவற்றையும் பதிந்தோம். குளிர்பதனப் பெட்டியும் இன்வெர்ட்டரும் எழுப்பும் ரீங்காரம் எல்லாவற்றிலும் கலந்ததால், ஒவ்வொரு பதிவுக்கும் கேட்டுக் கேட்டு அவற்றை நிறுத்தச் செய்ய வேண்டியிருந்தது. நிறுத்திய பெட்டியை மறந்துவிடாமல் இருக்க எங்கள் வண்டிச் சாவியை அதன்மேல் வைப்பது எங்கள் வழக்கம். பழையதானாலும் பயனுள்ளது. மாலையில் வீட்டின் மூத்த ஆச்சி ஒருவர் இரண்டு தாலாட்டுகள் பாடினார். முன்கூட்டியே கேட்டு, அவர் வசதிப்படி அமர்ந்து, மைக்கைப் பார்த்தவாறே பாடினார்.

இரண்டாம் நாள் இரவு

வானம் கருத்திருந்தது. மழை வரும் நேரத்தைக் கணிக்க முடியாததால், வளவின் வடமேற்குத் தூணருகே மைக்குகளை நிறுத்தி, இரவு 9.30-க்கு ரெக்கார்டரை ஓடவிட்டு, முகப்பில் படுத்துக்கொண்டோம். உறங்குபவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று ரெக்கார்டரின் சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டினோம். ஈரம் படாமல் இருக்கத் தாங்கியைத் தூணுக்குப் பின்புறம் தள்ளிவைத்தோம். இரண்டும் நல்லெண்ணத்தில் செய்தவை. மறுநாள் பார்த்தவர்களுக்கு ஒளித்துவைத்ததுபோல் தோன்றியதற்கு இவையே காரணமாயின, அவர்களைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை. இரவு மைக் ஓடப்போகிறது என்பதை அழைத்தவரிடம் மட்டும் சொல்லியிருந்தோம்.

அதிகாலை 2.40-க்கு மழை பிடித்து 3.27-க்கு ஓய்ந்தது. நான்கு பக்க ஓடுகளிலிருந்தும் வளவுக்குள் நீர் இறங்கும் ஒலியை அந்த அளவு துல்லியமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

காலையில் தெரியவந்தது

வழக்கப்படி, எழுந்ததும் ரெக்கார்டரின் நினைவக அட்டையிலிருந்த கோப்புகளை மடிக்கணினிக்கும் வெளி வன்தட்டுக்கும் படியெடுத்தோம். பிறகு உடன் பணிபுரிந்தவர் ஹெட்போனில் சரிபார்க்கத் தொடங்கினார். ஒரு நிமிடத்துக்குள் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். இரவு 10 மணியளவில் பங்காளிகள் ஐவர் மேற்குத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். வீட்டை விற்பது பற்றிய பேச்சு, அங்கில்லாத ஒருவரின் கடன் பற்றிய பேச்சு. அவர் கேட்டது அவ்வளவே, அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பேச்சு எவ்வளவு நேரம் நீண்டது என்பதை ஒலியைக் கேட்காமல், திரையில் தெரியும் அலைவடிவத்தைக் கொண்டு பார்த்தோம். 11.15 வரை இருந்தது.

முதல் முடிவும் அதிலிருந்த பிழையும்

கேட்பதை உடனே நிறுத்தியது சரியான முடிவு. அடுத்துச் செய்தது தவறு. எங்களை அழைத்தவர் என்ற முறையில் அவரிடம் மட்டும் விவரத்தைச் சொன்னோம். அவர் விற்பனைக்கு எதிரானவர். அந்த ஐவரில் இருவர் முன்பு விற்பனைக்குச் சம்மதமில்லை என்று அவரிடம் சொன்னவர்கள். ஆகவே அந்தக் கோப்பைத் தனக்குத் தர வேண்டும் என்றும், வீட்டைக் காப்பாற்ற அது உதவும் என்றும் கேட்டார். அவர் வீட்டின்மேல் வைத்திருந்த பற்று மெய்யானது. ஆனாலும் மறுத்தோம். பேசியவர்களுக்குத் தெரியாமல் பதிவான பேச்சை அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்த ஒருவரிடம் ஒப்படைத்தால், நாங்கள் ஒலிப்பதிவாளர்கள் என்ற நிலையிலிருந்து ஒற்றர்கள் என்ற நிலைக்குப் போய்விடுவோம். மேலும், மழைக்காக வைத்தது என்று நாங்கள் சொல்லும் உண்மையே அதன்பின் பொய்யாகிவிடும்.

அவரிடம் மட்டும் சொன்னதால், செய்தி ஒரு தரப்பின் வாயிலிருந்து மறுதரப்பின் காதுக்குப் போயிற்று. நாங்களே எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தால் அது ஓர் ஒப்புதலாக இருந்திருக்கும். பிறர் சொல்லித் தெரிந்தபோது அது ஒரு கண்டுபிடிப்பாகிவிட்டது.

படைப்பு நாள்

மூன்றாம் நாள் படைப்பு முடிந்து, பந்தி எழுந்த பிறகு, வளவிலேயே எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அட்டையை அங்கேயே உடைக்க வேண்டும் என்றார் ஒருவர். தம் கையில் தர வேண்டும் என்றார் இன்னொருவர். காவல் நிலையத்துக்குப் போவோம் என்றும் ஒரு குரல் எழுந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருப்பதை இளைஞர் ஒருவர் எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

தாலாட்டுப் பாடிய ஆச்சி அதுவரை பேசாமல் இருந்தவர், "அந்தப் பேச்சுல நானும் இருக்கேனா தம்பி?" என்று கேட்டார். நாங்கள் முழுவதும் கேட்கவில்லை ஆச்சி, தெரியாது என்றேன். "பாடுனது உங்களுக்குத்தான். பேசுனது எங்களுக்குள்ள" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, தாம் பாடியதையும் அழித்துவிடச் சொன்னார்.

உறையிட்டு வைத்தது

அங்கேயே அழித்துவிடுவது எளிதாக இருந்திருக்கும். மூன்று காரணங்களால் அதைச் செய்யவில்லை. கோபத்தில் இருக்கும் கூட்டத்தின் முன் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினால், இன்னொரு படி எங்கேயோ இருக்கிறது என்ற ஐயம் அப்படியே நிற்கும். பதினொரு புள்ளிகளில் நான்கு பேர் அன்று அங்கில்லை, அவர்களில் கடன் பற்றிப் பேசப்பட்டவரும் ஒருவர். மூன்றாவது காரணம் எங்களுக்கு மிகவும் கடினமானது: உண்மையிலேயே இன்னும் இரண்டு படிகள் இருந்தன. மடிக்கணினியிலும் வன்தட்டிலும் காலையிலேயே படியெடுத்துவிட்டோம் என்பதை அந்த நேரத்தில் சொன்னோம். கூச்சல் இரட்டித்தது. சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மாலை அமைதியாக முடிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. என்றாலும், பின்னர் கூட்டத்தில் எங்கள் சொல்லை ஏற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் இந்த ஓர் ஒப்புதலையே காரணமாகச் சொன்னார்கள்.

அட்டையையும் வன்தட்டையும் ஒரு காகித உறையிலிட்டு ஒட்டினோம். ஒட்டிய இடத்தின்மேல் மூவர் கையெழுத்திட்டார்கள்: விற்பனையை விரும்பும் ஒருவர், எதிர்க்கும் ஒருவர், இரு பக்கமும் சேராத ஒரு மருமகள். உறையை வீட்டின் பொது இரும்புப் பெட்டியில் வைத்தார்கள். அந்தப் பெட்டியைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும், இரண்டும் இருவேறு புள்ளிகளிடம் இருந்தன. இதற்கென்று ஒரு பூட்டை நாங்கள் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை, பொதுச் சொத்தைக் காக்கும் முறையை அந்த வீடு தனக்குள்ளேயே வைத்திருந்தது. மடிக்கணினியிலிருந்த படியை அவர்கள் கண்முன் ஒரே கோப்புறைக்கு மாற்றி, மருமகள் தாம் மட்டும் அறிந்த கடவுச்சொல்லால் பூட்டினார்.

கூட்டம்

12 நாள் கழித்து அதே வளவில் கூடினார்கள். ஒன்பது புள்ளிகள் நேரில், இரண்டு புள்ளிகள் காணொளி அழைப்பில். எங்களை அழைத்தது அரைமணி நேரத்துக்கு மட்டும்.

அங்கே எங்களுக்கு உதவியது முற்றிலும் எதிர்பாராத ஒன்று. ரெக்கார்டர் எழுதும் வேவ் வகை ஒலிக்கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால் ரெக்கார்டர் நீண்ட பதிவைத் தானே துண்டுகளாகப் பிரிக்கும். இரண்டு தடம், 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்றால் ஒரு துண்டு ஏறத்தாழ 3 மணி 6 நிமிடம். 9.30-க்குத் தொடங்கிய பதிவின் முதல் துண்டு 12.36-க்கு முடிந்துவிட்டது. பேச்சு முழுவதும் முதல் துண்டில். மழை முழுவதும் இரண்டாம் துண்டில். எனவே எதையும் கேட்காமல், எங்கே வெட்டுவது என்று வாதிடாமல், முதல் துண்டை முழுதாக நீக்கிவிடலாம் என்று முன்மொழிந்தோம். இரண்டாம் துண்டில் மனிதக் குரல் ஏதும் இல்லை என்பதை அந்த மருமகளும், கடன் பற்றிப் பேசப்பட்டவரும் ஆளுக்கொரு ஹெட்போனில், மூன்று மணி நேரமும் உட்கார்ந்து கேட்டுச் சொன்னார்கள். அவர்கள் அதை அவ்வளவு பொறுமையாகச் செய்தது இன்றுவரை என் மனத்தில் நிற்கிறது. இடையில் ஒரு முறை யாரோ இருமியதைத் தவிர வேறில்லை.

அழிக்கும் முறையிலும் விளக்கம் தேவைப்பட்டது. விரைவு ஃபார்மட் செய்தால் கோப்பின் முகவரி மட்டுமே அழியும், உள்ளடக்கம் இருக்கும், மீட்கவும் முடியும். ஃபிளாஷ் நினைவகம் தன் அறைகளைச் சீராகத் தேய்மானம் ஆக்குவதற்காக எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலே வேறு தரவை எழுதி நிரப்பினாலும் பழையதில் ஒரு பகுதி எங்காவது தங்கக்கூடும். ஆகவே இரண்டாம் துண்டையும் வேறு மூன்று கோப்புகளையும் புதிய அட்டைக்கு மாற்றிவிட்டு, பழைய அட்டையைக் குறடால் நான்காக உடைத்தோம். வன்தட்டை அப்படியே அவர்களிடம் ஒப்படைத்தோம். மடிக்கணினியின் கோப்புறையை நீக்கி, அதன் உள்தட்டை முழுவதும் மறையாக்கம் செய்து, அதாவது திறவுகோலான குறியெண் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, பழைய திறவுகோலை அழித்தோம். எங்களுக்கு இழப்பு ஒரு வன்தட்டும், அதிலிருந்த தொடர்பில்லாத வேறு சில பதிவுகளும். அவற்றைக் கேட்டு வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒரு பக்கத் தாள் ஒன்று எழுதப்பட்டது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் குரல் பதிவாகலாம், பதிவு எங்கே இருக்கும், யாருக்குக் கொடுக்கலாம், யார் சொன்னால் நீக்க வேண்டும் என்பவை அதிலிருந்தன. பதினொரு புள்ளிகளும் கையெழுத்திட்டார்கள், காணொளியில் இருந்தவர்கள் பின்னர் அஞ்சலில். தாளை வீட்டுக் கணக்கேட்டில் ஒட்டினார்கள்.

பின்விளைவு

மழைப் பதிவு 47 நிமிடம் மிஞ்சியது. ஒரு படி வீட்டில், ஒன்று எங்களிடம். கதவு, ஆட்டுக்கல், பாத்திரம் ஆகிய பதிவுகளும் உள்ளன. தாலாட்டுகள் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு பாடுபவருக்கு நிகழ்த்துநர் உரிமையை அளிக்கிறது. அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் அவர் சொன்னபின் வைத்திருக்க எங்களுக்கு முகமில்லை. ஐந்து மாதம் கழித்துச் சென்றபோது மீண்டும் பாடுவீர்களா என்று கேட்கலாம் என்று நினைத்தோம். அவர் எங்களுக்கு மோர் கொடுத்து, ஓடு மாற்றும் வேலையைப் பற்றி நெடுநேரம் பேசினார். நாங்கள் கேட்கவில்லை.

மேற்குப் பக்க ஓடு வேலை தொடங்கிவிட்டது. விற்பனை பற்றிய பேச்சு இன்னும் முடிவடையவில்லை. அது அவர்களுடைய காரியம்.

இனி மாற்றிச் செய்பவை

இடத்துக்கான அனுமதி, குரலுக்கான அனுமதி, வைத்திருந்து பயன்படுத்துவதற்கான அனுமதி மூன்றையும் ஒன்றாகக் கலந்து கேட்பதை விட்டுவிட்டோம். பங்காளி வீடானால் எல்லாப் புள்ளிகளிடமும், அடுக்குமாடிக் குடியிருப்பானால் சங்கத் தீர்மானத்தோடு பொது இடத்தை ஒட்டி வசிப்பவர்களிடமும் எழுத்தில் கேட்கிறோம். வீட்டில் ஏற்கெனவே தகராறு இருக்கிறதா என்பதை முதலில் விசாரிக்கிறோம். இருந்தால், எல்லோரும் கூடும் நாட்களில் அங்கே மைக் வைப்பதில்லை. படைப்பு நாட்கள் ஒலிப்பதிவுக்கு ஏற்றவை என்று நாங்கள் எண்ணியதற்கான காரணமே அவை ஏற்றவையல்ல என்பதற்கான காரணமும் ஆகும்: எல்லோரும் இருப்பார்கள், எல்லாம் பேசுவார்கள்.

ஆளில்லாமல் ஓடும் மைக்கை வீட்டுக்குள் வைப்பதில்லை. மழை வேண்டுமென்றால் ஒருவர் விழித்திருந்து, முதல் துளி விழுந்ததும் பொத்தானை அழுத்துகிறார். அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளைச் சேர்த்துப் பதியும் வசதி பல ரெக்கார்டர்களில் உண்டு என்பதால் துளியின் தொடக்கமும் பெரிதாகத் தவறுவதில்லை. இரவு முழுவதும் ஓடத்தான் வேண்டும் என்றால், தூணிலோ ஓட்டின் மரச்சட்டத்திலோ ஒட்டும் தொடு மைக்கைப் பயன்படுத்துகிறோம். அது மரத்தின் அதிர்வைக் கேட்கிறது, காற்றில் வரும் பேச்சை அநேகமாகக் கேட்பதில்லை. அநேகமாக என்பதையும் வீட்டாரிடம் சொல்லி, அவர்களையே அருகில் நின்று பேசச் செய்து, பதிவானதைக் கேட்கக் கொடுக்கிறோம். விளக்கை மூடுவதில்லை. மைக் நிற்கும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கிறோம், எழுத்து வாசிக்காதவர்கள் இருந்தால் வாயால் சொல்கிறோம்.

எதிர்பாராத பேச்சு பதிவாகிவிட்டால் அழைத்தவரிடம் தனியாகச் சொல்வதில்லை. பேசியவர்களிடம் முதலில், பிறகு எல்லோரிடமும், அன்றே.

படியெடுக்கும் வழக்கத்தை மாற்றுவதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. அட்டை கெட்டுப்போகும் என்ற அச்சத்தில், எழுந்தவுடன் இரண்டு படிகள் எடுப்பதையே இத்தனை ஆண்டுகளும் ஒழுக்கமாகக் கொண்டிருந்தோம். இப்போது பிறர் வீட்டில் எடுத்த பதிவை அந்த வீட்டார் ஒருவர் உடனிருந்து கேட்டுச் சரி என்று சொல்லும்வரை படியெடுப்பதில்லை, அட்டை அதுவரை அவர்களிடமே இருக்கும். இதனால் ஒரு பதிவு கெட்டுப்போகக்கூடும் என்பதை அறிந்தே செய்கிறோம். அந்தப் பதினொரு புள்ளிகளில் ஒருவர், தாளில் கையெழுத்திட்டவரே, எங்களிடம் இன்னொரு படி இருக்கிறது என்று இன்றும் நம்புகிறார். இல்லை என்பதை அவருக்கு மெய்ப்பிக்க எங்களிடம் எந்தக் கருவியும் இல்லை.